உச்சிப்புளியில் வீடு, மகனுக்கு ஃபிளைட் சிமுலேட்டர்: வாங்கலாமா, வேண்டாமா?

24 மே 2025, மாலை 6.15 – கேள்வி (உச்சிப்புளி வாசகர்)

எங்கள் வீடு ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளியில். கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் சத்தம் எங்களுக்குப் பழகிவிட்டது. மகன் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்திருக்கிறான். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டான மைக்ரோசாப்ட் ஃபிளைட் சிமுலேட்டரும் ஜாய்ஸ்டிக்கும் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். துபாயில் இருக்கும் மச்சான் வாங்கி வரத் தயார். ஆனால் என் அண்ணன் விடமாட்டேன் என்கிறார். "விமானத்தில் ஜன்னல் திரையையே இறக்கச் சொல்கிற நேரம் இது. பேஸுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பையன் விமானம் ஓட்டிப் பழகுகிறான் என்று எவனாவது சொன்னால் க்யூ பிராஞ்ச் போலீஸ் வந்து நிற்கும்" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இந்த விளையாட்டால் உலகத்தில் எங்கேயும் பிரச்சனை வந்ததே இல்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

24 மே, இரவு 10.40 – பதில்

வாங்கிக் கொடுங்கள் அண்ணே. சிமுலேட்டர் விளையாட்டை வீட்டில் வைத்துக்கொள்ள நம் நாட்டில் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. ஜாய்ஸ்டிக்கும் அப்படித்தான்.

ஜன்னல் திரை விஷயம் வேறு. இந்த 20-ஆம் தேதி விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ போட்ட உத்தரவு, ராணுவமும் பயணிகள் விமானமும் சேர்ந்து பயன்படுத்தும் விமான நிலையங்களுக்கானது, குறிப்பாக மேற்கு எல்லைப் பக்கம். பத்தாயிரம் அடி ஏறும்வரை திரையை இறக்கி வையுங்கள், படம் எடுக்காதீர்கள் என்பதுதான் அது. வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஆனாலும் உங்கள் அண்ணன் பயப்படுவதை நான் தள்ளிவிட மாட்டேன். நம் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீனவருக்கு பயோமெட்ரிக் அட்டை. 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகை வந்தால் பாம்பன் பாலத்தில் வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். புது முகம் ஒன்று தெருவில் நடந்தால் மெரைன் போலீஸுக்குப் போன் போகும். இதெல்லாம் நமக்குத் தினப்படி. அதனால்தான் திரையில் ஓடும் விமானத்தைக்கூட அதே கண்ணால் பார்க்கிறோம்.

உண்மையிலேயே மாட்டிவிடக்கூடிய சில விஷயங்கள் உண்டு, சிமுலேட்டர் பித்து முற்றினால் பையன் அந்தப் பக்கம் போகலாம். அதை நாளை எழுதுகிறேன், இங்கே கரண்ட் போய் வருகிறது.

25 மே, காலை 7.05

சொன்னபடி.

ஒன்று, விமானி பேசுவதைக் கேட்கும் ரேடியோ. சிமுலேட்டர் ஓட்டும் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நாளில் அசல் ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை) பேச்சைக் கேட்க ஆசை வரும். வெளிநாட்டில் பலர் மொட்டை மாடியில் ஆன்டெனா கட்டிக் கேட்கிறார்கள், அந்த யூடியூப் வீடியோக்களைப் பையனும் பார்ப்பான். இங்கே உரிமம் இல்லாமல் அந்த ரேடியோவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். 2010 பிப்ரவரியில் பிரிட்டனில் இருந்து வந்த இரண்டு பேர் டில்லி விமான நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டல் அறையில் உட்கார்ந்து விமானங்களைக் குறிப்பெடுத்தார்கள். பொழுதுபோக்குதான், வேறு எதுவும் இல்லை. கைதாகி, சிறையில் இருந்து, வாரக்கணக்கில் வழக்கை நடத்தி, அபராதம் கட்டிய பிறகுதான் ஊர் திரும்ப முடிந்தது. அது தலைநகரம். நாம் இருப்பது யாழ்ப்பாணத்துக்கு எதிர்க்கரை.

இரண்டு, டிரோன். 2021 டிரோன் விதிகளின்படி நாடு முழுக்கப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் நம் பகுதியில் எதையும் பறக்கவிடக் கூடாது. தளத்தின் வேலியையும் ஓடுபாதையையும் போனில் படம் எடுத்துப் போடுவதும் இதே கணக்கில் சேரும்.

மூன்று, மச்சானுக்குச் சொல்லுங்கள். துராயா மாதிரியான சாட்டிலைட் போன் எதுவும் பெட்டியில் வரக்கூடாது. சிமுலேட்டருக்கும் அதற்கும் தொடர்பில்லைதான். ஆனால் வளைகுடாவில் சகஜமாகக் கிடைக்கும் பொருள், இங்கே அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கைது.

25 மே, காலை 7.20

விட்டுப்போனது: ஜாய்ஸ்டிக்கை, அதிலும் த்ராட்டில் லீவர் இருந்தால், கைப்பையில் வைக்க வேண்டாம். என் சித்தப்பா மகன் அப்படிக் கொண்டுவந்தான். ஸ்கேனரில் பார்த்தவருக்கு அது என்னவென்றே புரியவில்லை. மேசையில் பிரித்துப் போட்டு, யூடியூபில் இவன் வீடியோ காட்டி, விமானம் கிளம்பும் நேரம் வரை இழுத்துவிட்டது. செக்-இன் பெட்டியில் பில்லோடு வைத்துவிடச் சொல்லுங்கள்.

27 மே, இரவு 11.10

இப்போது இரண்டாவது கேள்வி. இந்த விளையாட்டால் பிரச்சனை வந்ததில்லையா?

சந்தேகம் வந்திருக்கிறது, பலமாகவே வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு எல்லோரும் முதலில் விரல் நீட்டிய பொருட்களில் ஃபிளைட் சிமுலேட்டரும் ஒன்று. அப்போது கடைகளில் இருந்தது 2000 பதிப்பு. அதில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் இருந்தன, யார் வேண்டுமானாலும் அவற்றுக்கு நடுவே பறக்கலாம். 2002 பதிப்பு வெளிவரும் கட்டத்தில் இருந்தது. மைக்ரோசாப்ட் அதை நிறுத்தி வைத்து, கோபுரங்களை எடுத்துவிட்டு, அந்த அக்டோபரில் வெளியிட்டது. பழைய பதிப்பு வைத்திருந்தவர்களுக்கும் கோபுரங்களை நீக்கும் ஒரு பேட்ச் கொடுத்தார்கள்.

நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். அத்தனை பேர் இறந்த இடத்தை விளையாட்டில் நிற்கவைக்க மனம் வராதுதான். ஆனால் அது துக்கத்துக்காகச் செய்த காரியம், அதனால் பாதுகாப்பு கூடியது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அன்று விமானங்களை ஓட்டிய நான்கு பேரும் அமெரிக்காவிலேயே பயிற்சிப் பள்ளிகளுக்குப் பணம் கட்டி, அசல் சிறிய விமானங்களில் பறந்து, விமானி உரிமம் வாங்கியவர்கள். பிறகு பயிற்சி நிலையங்களில் பெரிய ஜெட் விமானத்தின் முழு அளவு சிமுலேட்டரில் மணிக்கணக்காகப் பயிற்சி எடுத்தவர்கள். அவர்களுக்கு வீட்டு கம்ப்யூட்டர் தேவைப்படவில்லை.

அதே 2001 ஆகஸ்டில் மினசோட்டாவில் ஒரு பயிற்சி நிலையத்துக்கு ஒருவர் வந்து 747 சிமுலேட்டரில் பழக வேண்டும் என்றார். அனுபவம் ஏறக்குறைய இல்லை, கட்டணம் ரொக்கமாக. அங்கிருந்த பயிற்சியாளர்களுக்கு உறுத்தியது, எஃப்பிஐக்குச் சொன்னார்கள், கைது நடந்தது. மூசாவி என்ற அந்தப் பெயர் பிறகு உலகம் முழுக்கத் தெரிந்தது. எனக்கு இதில் பெரிய விஷயம், அவரை அடையாளம் கண்டவர்கள் அந்தத் தொழிலைக் கரைத்துக் குடித்த ஆட்கள். எது வழக்கமான மாணவன், எது வழக்கத்துக்கு மாறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இதன் மறுபக்கத்தையும் பாருங்கள். 2004 ஜனவரியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருந்து ஒரு செய்தி வந்தது. ஒரு பெண், விமானப்படையின் ரிசர்வ் பிரிவில் விமானி. பத்து வயது மகனுக்காகக் கடையில் ஃபிளைட் சிமுலேட்டர் இருக்கிறதா என்று விசாரித்திருக்கிறார். கடை ஊழியர் பதறிப்போய்ப் போலீஸுக்குத் தகவல் கொடுக்க, ராத்திரி வீட்டுக் கண்ணாடிக் கதவில் டார்ச் அடித்துக்கொண்டு போலீஸ்காரர் நிற்கிறார். நாட்டின் விமானத்தையே ஓட்டும் அம்மாவுக்கு இந்த நிலை. விளையாட்டு என்றால் என்ன, பயிற்சி என்றால் என்ன என்று தெரியாதவர் சந்தேகப்பட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆக, உங்கள் அண்ணன் சொன்ன மாதிரி போலீஸ் வந்த சம்பவம் ஒன்று உண்மையிலேயே உண்டு. ஊர்தான் வேறு.

28 மே, மதியம் 1.30

மலேசிய விமானம் எம்எச் 370 விமானியின் வீட்டு சிமுலேட்டரை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். விடவில்லை, நேற்று நேரம் போதவில்லை.

2014 மார்ச் 8 அன்று காணாமல் போன விமானம். கேப்டனின் வீட்டில் இருந்த சிமுலேட்டரைப் போலீஸ் எடுத்துச் சென்று பிரித்துப் பார்த்தது. அழிக்கப்பட்டிருந்த பதிவுகளில் சில புள்ளிகள் கிடைத்தன. அவற்றைச் சேர்த்தால் கோலாலம்பூரில் இருந்து அந்தமான் கடல் வழியாகத் தெற்கு இந்தியப் பெருங்கடல் வரை ஒரு பாதை வரும். 2018-ல் வந்த மலேசிய விசாரணை அறிக்கையிலும் இது இருக்கிறது. ஆனால் அதே அறிக்கை, விமானம் காணாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று எந்த முடிவுக்கும் வரவில்லை. பதினெட்டாயிரம் மணி நேரத்துக்கு மேல் அசல் விமானம் ஓட்டிய ஒருவருக்கு அங்கே போக விளையாட்டு வேண்டுமா? சிமுலேட்டர் அங்கே ஒரு தடயமாக இருக்கலாம். கருவி என்று சொல்ல முடியாது.

இதைவிட எனக்குத் தூக்கம் கெடுத்தது 2018 ஆகஸ்ட் 10. சியாட்டில் விமான நிலையத்தில் தரைப்பணி ஊழியர் ஒருவர், பயணிகள் இல்லாத ஒரு கியூ 400 விமானத்தை இழுவை வண்டியால் தானே திருப்பி, ஏறி, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு மணி நேரத்துக்கும் மேலே சுற்றிவிட்டு ஒரு சிறு தீவில் விழுந்து இறந்தார். வீடியோ கேம் விளையாடியிருக்கிறேன் என்று கண்ட்ரோலரிடம் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இங்கே விளையாட்டுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், பறப்பதைப் பற்றி ஏதோ கொஞ்சம் கற்றிருப்பார். ஆனால் அவரிடம் விமான நிலைய அடையாள அட்டை இருந்தது, இழுவை வண்டி இருந்தது, விமானத்தின் கதவுவரை போகும் உரிமை இருந்தது. விளையாட்டை மட்டும் வைத்திருக்கும் உச்சிப்புளிப் பையனுக்கும் அவருக்கும் நடுவில் அத்தனை வேலி இருக்கிறது. காவல் அந்த வேலியில் இருக்க வேண்டும்.

1 ஜூன், மாலை 5.00

ஞாயிற்றுக்கிழமை, நிதானமாக எழுதுகிறேன். மெய்க்ஸ் பற்றி.

என் வயதுக்காரர்கள் யாராவது இருந்தால் இந்தப் பெயரைப் பார்த்ததுமே நெஞ்சு இளகும். ராமநாதபுரம் பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அங்கே ஒரே ஒரு கம்ப்யூட்டரில் ஃபிளைட் சிமுலேட்டர் 98 போட்டிருந்தார் அந்த அண்ணன். திறந்தால் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? ஷிகாகோவில், ஏரிக்கரையை ஒட்டி ஒற்றை ஓடுபாதை, பக்கத்தில் உயரமான கட்டடங்கள். மெய்க்ஸ் ஃபீல்டு. 1980-களின் தொடக்கத்தில் வந்த முதல் பதிப்பில் இருந்து ஏறக்குறைய இருபது வருடம் எல்லோரும் முதல் முறை தரையை விட்டு எழும்பியது அங்கிருந்துதான். மதுரை விமான நிலையத்தையே நேரில் பார்த்திராத எனக்கு மெய்க்ஸின் ஓடுபாதை எண்கள் மனப்பாடம்.

2003 மார்ச் 30 ராத்திரி, ஷிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலி புல்டோசர்களை அனுப்பி அந்த ஓடுபாதையில் பெரிய பெரிய எக்ஸ் குறிகளாகத் தோண்டிப் போட்டார். முன்னறிவிப்பு இல்லை. நிறுத்தி வைத்திருந்த 16 விமானங்கள் கிளம்ப வழியில்லாமல் மாட்டிக்கொண்டன, பிறகு டாக்ஸிவே வழியாகத்தான் பறந்து போயின. மேயர் சொன்ன காரணம் பாதுகாப்பு: சிறு விமானங்கள் நகர மையத்துக்கு இவ்வளவு பக்கத்தில் பறப்பது பயங்கரவாதிகளுக்கு வசதி. ஆனால் அந்த இடத்தைப் பூங்காவாக்க வேண்டும் என்று அவர் 1990-களிலேயே முயன்றவர். நகராட்சிக்கு 33,000 டாலர் அபராதம் விழுந்தது. விமான நிலையம் திரும்பி வரவில்லை. இன்றைக்கு அங்கே பூங்கா.

பாதுகாப்புக் கவலை ஒரு விளையாட்டை நேராகத் தொட்ட இடங்களில் எனக்கு மிகவும் வலித்தது இதுதான். அடுத்து வந்த பதிப்பில் மெய்க்ஸ் இன்னும் இருந்தது, ஆனால் தொடங்கும் இடம் சியாட்டிலுக்கு மாறிவிட்டது. 2006 பதிப்பில் மெய்க்ஸே இல்லை. பிரியம் வைத்தவர்கள் இன்று வரைக்கும் புதுப் பதிப்புகளுக்கு ஆட்-ஆனாக அதைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், என்னுடையதிலும் இருக்கிறது.

பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்று ஒரு மேயருக்குத் தெரிந்திருந்தது. ஆகவே, உண்மையான காவல் நடவடிக்கை எது, அந்தப் பெயரில் நடக்கும் வேறு காரியம் எது என்று கேட்க நமக்கு உரிமை வேண்டும். கடலோரத்தில் இருக்கிற நாம் இதைக் கேட்பதே இல்லை.

4 ஜூன், இரவு 9.50

ஆன்லைனில் மற்றவர்களோடு பறப்பது பற்றிக் கேட்டிருந்தார்கள். வாட்சிம் என்ற இலவச நெட்வொர்க் இருக்கிறது, 2001-ல் தொடங்கியது. உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் ஏடிசியாக உட்கார்ந்திருப்பார்கள், நிஜம்போல ஆங்கிலத்தில் பேசி அனுமதி வாங்கிப் பறக்க வேண்டும்.

அங்கே பையனுக்கு முதலில் சொல்ல வேண்டியது: டிரான்ஸ்பாண்டரில் (விமானம் தன்னை ரேடாருக்குக் காட்டிக்கொள்ளும் கருவி) 7500 என்ற எண்ணை விளையாட்டுக்குக்கூடப் போடாதே. நிஜ விமானத்தில் அது கடத்தல் நடக்கிறது என்ற அறிவிப்பு. 7600 ரேடியோ பழுது, 7700 அவசரம். இவை இரண்டையும் கண்ட்ரோலர் ஒப்புக்கொண்டால் அங்கே பழகிப்பார்க்கலாம். கடத்தல் நாடகத்துக்கு மட்டும் இடமே கிடையாது, கணக்கை முடக்கிவிடுவார்கள். எந்த அரசும் சொல்லி இந்த விதி வரவில்லை, விளையாடுகிறவர்களே வைத்துக்கொண்டது. உங்கள் அண்ணனுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

8 ஜூன், காலை 11.20

2006-ல் இதே ஜூன் 8 அன்று புனேயில் சுகோய்-30 விமானத்தில் துணை விமானி இருக்கையில் ஏறிப் பறந்தார் நம் ராமேஸ்வரத்துக்காரர். வயது 74, குடியரசுத் தலைவர். இளம் வயதில் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போய், எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக வந்து திரும்பியவர். கலாம் ஐயாவின் அந்தப் படம் என் சிமுலேட்டர் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறது.

இந்த இழையில் அவரை வேறு காரணத்துக்காகவும் பேச வேண்டும். 2005 அக்டோபரில் ஹைதராபாத்தில் காவல்துறை அதிகாரிகள் முன்னால் பேசும்போது, கூகுள் எர்த் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் துல்லியமான செயற்கைக்கோள் படங்கள் பயங்கரவாதிகளுக்கு உதவக்கூடும் என்று கவலைப்பட்டார். கூகுள் எர்த் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வளரும் நாடுகள் குறிப்பாக ஆபத்தில் இருப்பதாகவும், இருக்கும் சட்டங்கள் போதாது என்றும் சொன்னார்.

அப்போது எனக்கு அது பிடிக்கவில்லை. ராக்கெட் விட்டவரே இப்படிப் பேசலாமா என்று நண்பர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். 2020 ஆகஸ்டில் வந்த சிமுலேட்டர் உலகம் முழுவதையும் பிங் வரைபடப் படங்களின் மேல் கட்டிக் கொடுத்தது. முதல் நாளே ராமேஸ்வரம் தீவைச் சுற்றினேன். கோயில் கோபுரம் நிற்கிற இடத்தில் ஏதோ அடுக்குமாடிக் கட்டடம். பாம்பன் பாலம் தண்ணீரில் படுத்துக் கிடந்தது. ஆனால் தனுஷ்கோடி முனையில் மணல் வளைவும், அந்தப் பக்கம் திட்டுத் திட்டாக இலங்கை நோக்கிப் போகும் மேடுகளும் அப்படியே. எனக்குக் கண் கலங்கியது. சரி, அதே படத்தில் உச்சிப்புளித் தளமும் இருக்கிறதே என்று ஒரு நொடி உறைத்தபோதுதான் கலாம் ஐயா எதைப் பற்றிப் பேசினார் என்று புரிந்தது.

2016-ல் உள்துறை அமைச்சகம் ஒரு மசோதா வரைவு கொண்டுவந்தது. இந்தியாவின் எந்தப் புவித் தகவலைச் சேகரிக்கவும் உரிமம், தவறினால் நூறு கோடி வரை அபராதம். அது சட்டமாகவில்லை. ஆகியிருந்தால் என்னைப் போல விளையாட்டுக்குள் சீனரி (நிஜ இடங்களின் வடிவம்) கட்டுகிறவன் ஒரு பாலத்தைக்கூட வைத்திருக்க முடியாது. 2021 பிப்ரவரியில் வந்த வழிகாட்டுதல் நேர் எதிர்த்திசையில் போனது: பொதுவாக எல்லாவற்றையும் திறந்துவிட்டு, வரைபடத்தில் குறிக்கக் கூடாத விவரங்களுக்கு மட்டும் தனிப் பட்டியல்.

இப்போது பாம்பன் புதுப் பாலத்தை சீனரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரல் 6-ல் திறந்தார்களே, நடுவில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி 17 மீட்டர் மேலே எழும்புகிறதே, அது. விளையாட்டில் இருக்கும் படம் பழையது, அதனால் எல்லாமே நான் கையால் வைக்க வேண்டும். ரோட்டுப் பாலத்தில் நின்று எல்லோரும் எடுக்கிற மாதிரி எடுத்த படங்கள்தான் ஆதாரம். உச்சிப்புளியில் ஓடுபாதையைத் தவிர எதையும் வைக்கப் போவதில்லை.

9 ஜூன், இரவு 10.15

"வானத்தில் இருந்து எடுத்த படமே எல்லோருக்கும் கிடைக்கும்போது நீங்கள் தளத்தின் ஹேங்கரை (விமானக் கொட்டகை) வைக்காவிட்டால் யாருக்கு லாபம்?" நல்ல கேள்வி தம்பி. பகல் முழுக்க இதையே யோசித்தேன்.

படம் இருப்பது ஒரு நிலை. உள்ளூர்க்காரன் ஒருவன் அந்தப் படத்தில் இது இன்ன கட்டடம், இது இத்தனை உயரம், இதன் வாசல் இந்தப் பக்கம் என்று எழுதி வைப்பது அடுத்த நிலை. சாட்டிலைட்டுக்குத் தெரியாததும் தினமும் அந்த ரோட்டில் போகிற எனக்குத் தெரியும். அதைக் கொடுக்க மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்கள் நம் தெருவில் குடியிருக்கிறவர்கள், நம் பிள்ளைகளோடு படிக்கிற பிள்ளைகளின் அப்பாக்கள். 2007 மார்ச்சில் புலிகளின் சிறு விமானங்கள் இலங்கையின் கட்டுநாயக்காவில் குண்டு போட்ட பிறகு நம் கரையில் எத்தனை மாதம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். இந்த நீரிணையில் வான் பாதுகாப்பு என்பது வெறும் பேச்சாக இருந்ததில்லை.

அதே நேரம், விளையாட்டில் இருந்து அந்த இடத்தையே அழித்துவிட வேண்டும் என்று யாராவது கேட்டால் எதிர்ப்பேன். ஓடுபாதை அங்கே இருப்பது ஊரறிந்தது. 2009-ல் ஐஎன்எஸ் பருந்து என்று பெயர் சூட்டி, செய்தித்தாளில் போட்டுத்தான் திறந்தார்கள்.

13 ஜூன், காலை 6.30

இன்று வேறு எதுவும் எழுத மனமில்லை. நேற்றைய அகமதாபாத் விமான விபத்து. விமானத்தில் இருந்த 242 பேரில் ஒருவர்தான் பிழைத்திருக்கிறார்.

நேற்று மாலையே யூடியூபில் சிமுலேட்டரில் அதே விமானத்தை விழவைத்து வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். சில வாட்ஸ்அப் குழுக்களில் அது அசல் காட்சியாக ஓடுகிறது. இங்கே யாரும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பகிராதீர்கள். காரணத்தை விசாரணை அதிகாரிகள் கண்டுபிடிக்கட்டும்.

16 ஜூன், இரவு 9.00

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்விட்டன, ஊரில் மீன் வாசனை திரும்பிவிட்டது. மாமா கடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு மாலை என் வீட்டில் உட்கார்ந்து சிமுலேட்டரைப் பார்த்தார். நாற்பது வருடம் படகு ஓட்டியவர், விமானத்தில் ஏறியதில்லை.

நிஜ வானிலையைப் போட்டுத் தென்கடல் பக்கம் இருந்து பாம்பனைக் குறுக்கே தாண்டினேன். கச்சான் (மேல்காற்று) நன்றாக வீசிக்கொண்டிருந்தது. மூக்கு ஒரு பக்கம் பார்க்க, விமானம் இன்னொரு பக்கம் நகர்ந்தது. மாமா உடனே, "நீவாடு (நீரோட்டம்) இழுத்தால் நாங்களும் இப்படித்தான் தலையைச் சாய்த்துப் பிடிப்போம், இன்னும் கொஞ்சம் மேற்கே வை" என்றார். வைத்தேன், நேராகப் போனது. பயிற்சிப் பள்ளியில் பல வகுப்பு எடுத்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம் அது. நம் ஆட்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது. கமர்ஷியல் விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், செலவு பல லட்சங்கள், வீட்டு சிமுலேட்டர் நேரம் அதில் ஒரு நிமிடம்கூடக் கணக்கில் வராது. அப்படியிருந்தும் விமானப் பள்ளி இல்லாத ஒரு மாவட்டத்துப் பிள்ளைக்கு வானத்தை முதலில் காட்ட இதைவிட்டால் வேறு வழி இல்லை. ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்று இந்த வருட மாநில பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். வரட்டும். அங்கே காக்பிட்டில் உட்காரப் போவது நம் ஊர்ப் பிள்ளையாகவும் இருக்க வேண்டும்.

22 ஜூன், மாலை 4.40

கீழக்கரையில் இருந்து காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் தனிச் செய்தியில் கேட்டது எல்லோருக்கும் பயன்படும், அவர் அனுமதியோடு இங்கே. "சீனரி கட்டப் படம் எடுக்கப் போய் யாராவது மாட்டியிருக்கிறார்களா?"

மாட்டியிருக்கிறார்கள் காக்கா. 2012 செப்டம்பரில் செக் நாட்டைச் சேர்ந்த இரண்டு பேர் கிரீஸின் லெம்னோஸ் தீவில் கைதானார்கள். ஆர்மா 3 என்ற ராணுவ விளையாட்டை உருவாக்கும் நிறுவனத்துக்காரர்கள். அந்த விளையாட்டின் களமே லெம்னோஸைப் பார்த்து அமைத்தது. விடுமுறைக்கு வந்தோம், எடுத்தது சுற்றுலாப் படங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். ராணுவ இடங்களைப் படம் எடுத்த உளவாளிகள் என்று அதிகாரிகள் சொன்னார்கள். அடுத்த ஜனவரியில்தான் ஜாமீன் கிடைத்தது. துருக்கிக்கு எதிர்க்கரையில், ராணுவம் நிறைந்த தீவு அது. எங்கே கேமராவைத் திருப்புகிறோம் என்ற நினைவு எப்போதும் வேண்டும். நம் பக்கம் கோயில், பாலம், கடற்கரை போதும்.

இன்னொன்று. போன மாத இந்தியா-பாகிஸ்தான் மோதலின்போது அதே ஆர்மா 3 காட்சிகள்தான் விமானத்தைச் சுட்டு வீழ்த்திய உண்மைக் காட்சி என்று போன் போனாகப் பரவின. மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு வீடியோ கேம் காட்சி என்று மறுக்க வேண்டி வந்தது. விளையாட்டில் ஓட்டிப் பழகி ஒருவன் விமானத்தைக் கடத்திவிடுவான் என்று இருபது வருடமாகப் பயந்தோம். நிஜத்தில் வந்த சேதம் வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது: பொய்ச் செய்தி. 27 மே அன்று நான் எழுதியபோது இந்தப் பக்கத்தை யோசிக்கவில்லை, இப்போது இதையே பெரியதாக நினைக்கிறேன். உங்கள் பையன் சிமுலேட்டர் வீடியோ எதையாவது வெளியே போட்டால், மூலையில் 'இது விளையாட்டு' என்று வீடியோ முழுக்கத் தெரியும்படி எழுதச் சொல்லுங்கள். இங்கே போடுகிற எல்லோரையும் அதே கேட்கிறேன்.

6 ஜூலை, இரவு 8.30

உச்சிப்புளி அண்ணன் செய்தி அனுப்பியிருக்கிறார். ஜாய்ஸ்டிக் செக்-இன் பெட்டியில் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டது. பயந்த அவருடைய அண்ணனும் ஒரு சாயங்காலம் நின்று பார்த்திருக்கிறார். தளத்தின் மேலே பறக்காதே என்று ஒரு நிபந்தனை மட்டும் போட்டாராம். பையன் ஒப்புக்கொண்டிருக்கிறான். நல்ல நிபந்தனை, நானே அப்படித்தான் சுற்றிப் போகிறேன்.

பையனுக்கு முதல் வழி: மதுரையில் செஸ்னா 172 சிறு விமானத்தை எடுத்துக் கிளம்பு. வைகையை ஜன்னலில் வைத்துக்கொண்டு இரண்டாயிரம் அடியில் மானாமதுரை, பரமக்குடி, அப்புறம் ராமநாதபுரம் பெரிய கண்மாய். அங்கிருந்து வடக்கே விலகித் தேவிபட்டினம் போ, வடகடலை ஒட்டிப் பாம்பன் வரைக்கும் கரையை விடாதே. திரும்பும்போது எதிர்க்காற்று பலமாக இருக்கும், எரிபொருளைப் பார்த்துக்கொள். ஜிபிஎஸ்ஸை அணைத்துவிட்டு ஓட்டினால்தான் ஊர் பிடிபடும்.

வாட்சிமில் சேர ஹெட்செட் இல்லை என்று சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, மைக் நன்றாக வேலை செய்கிறது. மண்டபம் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணே.